கடகடத்த தகடு

"இன்னா மனுஷன்யா இவரு!" போர்வையை உதறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான் ஜீவானந்தம்.

விடிகாலை நாலே முக்கால். மார்கழிப் பனி. ஜன்னலை இறுக்கிச் சாத்தியும், எதிர்வீட்டு நடேசனின் பழைய கார் காதுக்குள்ளேயே ஓடியது. கடகட கடகட...

ஒரகடத்தில் செகண்ட் ஷிஃப்ட் முடித்து நடுராத்திரிக்கு மேல் மண்ணூர் வந்து படுப்பவன் அவன். கண் அயர்ந்த கொஞ்ச நேரத்தில் இந்தக் கூத்து. மூன்று வாரமாகிறது.

முந்தாநாள் பிரஸ் மெஷின் முன்னால் கண் சொக்கியதை சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். "விரல் போயிடும்யா. இன்னொரு தபா தூங்குனே, வேலைக்கே வராதே!"

"இந்த நடேசன் சாருக்கு ஒம்போது மணிக்குத்தானே டூட்டி? வண்டியும் நவுரல. இப்ப இன்னாத்துக்கு உறும வுட்டுக்கினு உக்காந்துகீறாரு?"

"குளிர் காயிறாரோ இன்னாவோ. படுங்க" என்று புரண்டு படுத்தாள் மனைவி அம்சவல்லி.

ஞாயிற்றுக்கிழமை நேராகப் போய் நின்றுவிட்டான்.

"சார், உங்க வண்டியால என் வேலையே போயிடும் போலகீது."

நடேசன் பதறிப்போனார். "மன்னிச்சுக்கப்பா. சைலன்சர் சூடு மேல ஏறாம ஒரு தகடு இருக்குல்ல, அது துருப்பிடிச்சு ஒரு பக்கம் பிச்சுக்கிச்சு. பனியில கடகடங்குது. சூடேறினா அடங்கிடும். புதுசுக்குச் சொல்லியிருக்கேன், இன்னும் வரல."

"அதுவரைக்கும் ஆபீஸ் கிளம்பும்போது மட்டும் ஸ்டார்ட் பண்ணுங்க."

நடேசன் தலையைச் சொறிந்தார். "அது... முடியாதுப்பா."

ஜீவானந்தத்துக்குச் சுர்ரென்று ஏறியது. மன்னிப்பும் கேட்பாராம், நிறுத்தவும் மாட்டாராம்!

இவரிடம் பேசிப் பயனில்லை. வீட்டுக்குப் போய் ஸ்க்ரூ டிரைவரும் இரண்டு பெரிய பைப் கிளாம்ப்பும் எடுத்து வந்தான். சாக்கை விரித்துக் காருக்கடியில் புகுந்தான். நடேசன் குனிந்து டார்ச் அடிக்க, ஆடிய தகட்டைக் குழாயோடு சேர்த்து இறுக்கினான்.

"இப்போ ஸ்டார்ட் பண்ணுங்க."

வண்டி பூனை மாதிரி முனகியது. நடேசனுக்கு வாயெல்லாம் பல்.

"பலே! இருப்பா, டீ சாப்ட்டுப் போ."

"டீ வேணாம் சார். தூக்கத்தக் குடுங்க, போதும்!"

மறுநாள் விடிகாலை. சத்தமே இல்லை. ஆனால் பழகின உடம்பாயிற்றே, நாலே முக்காலுக்குத் தானாக விழிப்பு வந்துவிட்டது. தன்னையே நொந்துகொண்டு எழுந்து போய் ஜன்னலைத் திறந்தான்.

நின்ற இடத்திலேயே கார் இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நடேசன் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். பேட்டரி இறங்கிவிடாதபடி இன்ஜின் ஓட, ஹெட்லைட் இரண்டும் எரிந்தன. தெருவிளக்கே இல்லாத அந்தச் சந்து, மெயின் ரோடு வரைக்கும் பனியில் பளிச்சென்று கிடந்தது.

அந்த வெளிச்சத்தில் யூனிஃபார்ம் போட்ட ஏழெட்டுப் பெண்கள், கையில் டிபன் பையோடு சிரித்துப் பேசிக்கொண்டே போனார்கள். முனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. கடைசியாகப் படியில் கால் வைத்த பெண் திரும்பிக் கையாட்டிக் கத்தினாள்:

"எல்லாரும் ஏறிட்டோம் அண்ணா! லைட்ட ஆஃப் பண்ணிட்டுப் போய்த் தூங்குங்க!"