ஐந்தே ஆணி

காரை விற்ற பிறகு காலியாகக் கிடந்த ஷெட்டில் ஒரு சின்னப் பட்டறை போட வீட்டுக்காரருக்கு ஆசை. அலமாரிக்கு வசதி போதவில்லை. சுவரில் ஐந்து கான்கிரீட் ஆணி அடித்து ஐந்து சாமானைத் தொங்கவிடலாம், மற்றதெல்லாம் பழைய இரும்புக்குப் போகட்டும் என்று முடிவு செய்தார். அதற்கான சாக்கு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

அதைப் பார்க்கப் பார்க்கச் சுத்தியலுக்குப் பயம் கூடியது. அதன் கைப்பிடியில் ஒரு விரிசல் ஓடியிருந்தது.

முதல் மூன்று ஆணிகளில் குறடும் ஸ்பேனரும் திருப்புளியும் ஏறிக்கொண்டன. நான்காவதை வைத்ததும் துருப்பிடித்த ரம்பம் சுத்தியலிடம் கெஞ்சியது. “அண்ணே, இது எனக்கு. பாத்துப் பதமா அடிங்க.”

ஐந்தாவது தனக்குத்தான் என்று சுத்தியலுக்குத் தெரியும். ஆனாலும் பயம் விடவில்லை. ‘கடைசி நேரத்தில் இன்னும் ஒன்றைக் கழிக்க நினைத்தால்? அது இந்த ரம்பமாக இருக்கட்டும்.’

ஆணி வளையட்டும் என்று தலையைக் கொஞ்சம் சாய்த்து இறங்கியது. கான்கிரீட் ஆணி வளையுமா என்ன? படக்கென்று உடைந்து சாக்குக்குள் தெறித்தது.

“சே!” என்றார் வீட்டுக்காரர். ஐந்தாவது ஆணியை எடுத்து அதே இடத்தில் அடித்து ரம்பத்தை மாட்டினார். பிறகு கையிலிருந்த சுத்தியலைத் திருப்பிப் பார்த்தார். விரிசல் இன்னும் நீண்டிருந்தது.

சாக்கின் வாயைக் கட்டும்போது மேலேயிருந்து ரம்பத்தின் குரல் கேட்டது.

“ரொம்ப நன்றி அண்ணே! எனக்காக ரெண்டு ஆணி அடிச்சீங்களே!”