வளைவில் நின்ற வண்டி

“நிறுத்தாதேன்னு சொன்னேன்ல!” என்று அலறினாள் ரச்சனி. “வேற எங்க வேணா நிறுத்து, இந்த வளைவுல மட்டும் வேண்டாம்யா!”

“நான் எங்கடி நிறுத்தினேன்? அதுவா நிக்குது!” தோங் ஆக்சிலேட்டரை மிதி மிதியென்று மிதித்தான். வண்டி இம்மியும் நகரவில்லை.

பின்சீட்டில் ரச்சனியின் மடியில் அவர்கள் மகள் லின் துவண்டு கிடந்தாள். நாலு வயசுக் குழந்தை. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது, உதடு நீலம் பாரித்திருந்தது. மலையிறங்கி மே ஹோங் சோன் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பிழைப்பாள். பதறியடித்துக் கிளம்பியதில் இருவருடைய போனும் வீட்டிலேயே கிடந்தன.

வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத மின்சாரக் கார். சீனாவிலிருந்து கப்பலில் வந்தது. சாலையில் போட்ட கோட்டைப் பார்த்துத் தானே ஓடுமாம், வழி சொல்லுமாம், என்னென்னவோ செய்யுமாம். திரையை நம் பாஷைக்கு மாற்றித்தர அடுத்த வாரம் ஆள் வரும் என்றார் விற்றவர். எங்கள் ஊர்ப்பக்கம் அந்த அடுத்த வாரம் எப்போது வரும் என்பது புத்தருக்கே வெளிச்சம். எதற்கும் இருக்கட்டும் என்று பிக்குவை அழைத்து உள்கூரையில் காப்பாக வெள்ளைப் பொட்டு மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

இந்த வளைவைத் தெரியாதவர் எங்கள் மலையில் கிடையாது. யுன்னானில் இருந்து கல்யாணக் கனவோடு வந்த ஒரு சீனத்துப் பெண், லாரி கவிழ்ந்து இங்கேதான் போய்ச் சேர்ந்தாளாம். மரத்தடியில் அவளுக்கு ஒரு குட்டிக் கோயில், மரமெல்லாம் அவளுக்குச் சாத்திய பட்டு. ஹாரன் அடித்துக் கும்பிடாமல் ஒரு வண்டி இதைக் கடக்காது, கவர்னர் வண்டி உட்பட.

“கும்பிட்டியா இல்லையா? உண்மையைச் சொல்லுய்யா!”

“சத்தியமா கும்பிட்டேன்டி! எப்பவும் ஒத்தைக் கையைத் தூக்கிட்டுப் போயிடுவேன். இன்னைக்கு நம்ம புள்ளைக்காக ரெண்டு கையையும் கூப்பி, கண்ணை மூடி, நெத்தி ஸ்டியரிங்ல இடிக்கிற வரைக்கும் குனிஞ்சு வேண்டிக்கிட்டேன். ‘எம் பொண்ணைக் காப்பாத்துத் தாயே’ன்னு சொல்லி முடிக்கல, வண்டி நின்னுடுச்சு!”

“காப்பாத்துன்னு கேட்டா நிறுத்துவாளா? உன் மேல என்ன கோவமோ அவளுக்கு!”

திரை முழுக்கச் சிவப்பாகி, புரியாத எழுத்துகள் துடித்தன. யாரும் தொடாமலே நாலு பக்க விளக்கும் விட்டு விட்டு எரிய ஆரம்பித்தன. வெளியே பட்டப்பகலை மழையும் மூடுபனியும் விழுங்கியிருந்தன. முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி இல்லை.

டக்கென்று கதவுப் பூட்டுகள் தாமாகத் திறந்துகொண்டன.

அப்புறம்தான் அந்தக் குரல் கேட்டது. இதுவரை வாய் திறந்தே அறியாத காருக்குள், ஒரு பெண் குரல். மெதுவாக, அன்பாக, சீனத்தில் ஏதோ கேட்டது.

தோங் பின்சீட்டுப் பக்கம் திரும்பினான். “கேட்டியாடி?” என்றான்.

“அவதான்… அவளேதான்!” ரச்சனி குழந்தையைப் போர்வைக்குள் இழுத்து அணைத்துக்கொண்டாள். குரல் அதையே திரும்பக் கேட்டது. பதிலுக்குக் காத்திருந்துவிட்டு மறுபடியும் கேட்டது.

“விடாமக் கேக்குறாளே, என்னதான்டி கேக்குறா?”

“எம் புள்ளையைக் கேக்குறாய்யா! கதவைத் திறந்து வெச்சுக்கிட்டுக் கேக்குறா!”

அதற்கு மேல் தோங்கால் உட்கார முடியவில்லை. இறங்கி ஓடி, கொட்டும் மழையில் மரத்தடியில் மண்டியிட்டான்.

“தாயே, உனக்குப் படைக்கிற சிவப்பு சோடாவைப் பெட்டி பெட்டியா வெக்கிறேன். சியாங் மாய்ல இருந்து புதுப் பட்டு எடுத்துச் சாத்துறேன். ஒரு உசுருதான் வேணும்னா என்னை எடுத்துக்கோ, எம் பொண்ணை விட்டுடு!”

சொன்ன பிறகுதான், தான் கொடுத்த வாக்கு என்னவென்று அவனுக்கே உறைத்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கவில்லை அவன். வண்டிக்குள் அந்தக் குரல் ஓய்ந்துபோயிருந்தது. குழந்தையின் இழுப்பு மட்டும் கேட்டது, அதுவும் வரவரத் தேய்ந்துகொண்டே வந்தது. “லின்! கண்ணைத் திறடி தங்கம்!” என்று ரச்சனி கதறிக்கொண்டிருந்தாள்.

திடீரென்று பனிக்குள்ளிருந்து சைரன் சத்தம். கீழிருந்து ஓர் ஆம்புலன்ஸ் மேலேறி வந்து, வண்டிக்கு எதிரே நின்றது. வெள்ளைச் சட்டை போட்ட இருவர் ஸ்ட்ரெச்சரோடு குதித்தார்கள்.

ரச்சனி பாய்ந்து போய்க் குழந்தையை அவர்கள் கையில் திணித்தாள். மூத்தவர் ஒரு கணம் விழித்துவிட்டு, லின்னின் முகத்தில் ஆக்ஸிஜனைப் பொருத்தினார். கொஞ்சம் கொஞ்சமாக உதட்டில் நிறம் திரும்பியது. குழந்தை கண்ணைத் திறந்து, “அம்மா” என்றது.

“பயப்படாதம்மா, தப்பிச்சுட்டா. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா எங்களாலயும் முடிஞ்சிருக்காது.”

ரச்சனி குலுங்கிக் குலுங்கி அழுதாள். தோங்குக்கோ அழுகையும் வரவில்லை. யாரும் கூப்பிடாமல் ஆம்புலன்ஸ் வந்திருக்கிறது. பெண்ணைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, அப்படியானால் அடுத்தது தன் முறைதானே? மரத்தை ஏறிட்டுப் பார்க்கவும் பயந்து, குனிந்த தலை நிமிராமல் நின்றான்.

இளையவர் இன்னும் ஸ்ட்ரெச்சரை மடக்கவில்லை. காரின் முன்சீட்டில் எட்டிப் பார்த்தார். சுற்றிவந்து கீழேயும் குனிந்து பார்த்தார். பிறகு தோங்கிடம் வந்து கேட்டார்.

“அண்ணே, ஸ்டியரிங்கை விட்டுட்டு, தலை சாஞ்சு மயங்கிட்டாருன்னு உங்க கார் எங்களுக்குப் போன் பண்ணுச்சே, அந்த டிரைவர் எங்கே?”