நான்கு புதுச் சாவிகள்

சனிக்கிழமை சாந்தினி அக்காவின் நிச்சயதார்த்தம். எல்லார் முன்னாலும் நான் யுகுலேலே, அந்த நாலு தந்திக் குட்டி கிட்டார், வாசிக்க வேண்டும். பள்ளியைப் பாதியில் விட்டவள் இதையாவது முடிப்பாளா என்று பார்க்கச் சொந்தமே காத்திருந்தது.

ஒரு மாதமாக ஒரே தொல்லை. காலையில் சுருதி சேர்த்து வைத்தால், மாலையில் தந்திகள் தொளதொளத்துக் கிடக்கும்.

தெப்ராவிலுள்ள இசைக்கருவிக் கடையின் யுகேந்திரன் அங்கிள், தந்தியை முறுக்கும் சாவிகளைத் திருகிப் பார்த்தார். "பழைய சாவி வழுக்குது லா. பல்சக்கரம் வெச்சதைப் போடு. நீ விட்டாலும் அது விடாது."

என்னைத்தான் சொல்கிறாரோ என்று கூசியது. நான்கு வாங்கிவந்து, யுகுலேலேயின் தலையிலிருந்த துளைகளைப் பெரிதாக்கி நானே பூட்டினேன். ஒன்று என் தெத்துப்பல்லைப் போலவே கோணலாக நின்றது. ஆனாலும் விரல் நுனியால் தொட்டாலே சுற்றின.

மறுநாள் காலை சுருதி சேர்த்தேன். மாலையில் எடுத்தால், மறுபடி தொளதொள.

"அம்மா, சனிக்கிழமை நான் வரல!"

ஃபாக்டரிச் சீருடையோடு அம்மா எட்டிப் பார்த்தார். "ஏன்? புதுச் சாவி நல்லாத்தானே இருக்கு? பழசைத் திருப்பினா கை வலிக்கும். இன்னைக்கு ஒரு நிமிஷத்துல நாலையும் லூஸ் பண்ணிட்டேன்."

"நீங்களா?"

"பின்னே? வேலை முடிஞ்சா மெஷின் பெல்ட்டைத் தளர்த்திட்டுத்தான் நாங்க வீட்டுக்கு வருவோம். நீ ஒருநாளும் செய்யறதில்ல. தந்தி அறுந்துபோனா சனிக்கிழமை என்ன செய்வ?"

ஒருநாளும் வழுக்காத அந்தப் பழைய சாவிகளைக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்துத் துடைத்தேன். சனிக்கிழமை போகாமலிருக்க எனக்கு இனி ஒரு காரணமும் மிச்சமில்லை.