மூன்று பக்க ஆட்சேபம்

"சாலமோன் சார் போட்டோ பேப்பர்ல வந்திருக்கு சார், பாத்தீங்களா?" என்று ஜெயக்கொடி கேட்டபோது, தசரதன் அதை நாலு தடவை பார்த்து முடித்திருந்தார்.

இல்லை என்று தலையாட்டினார்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே ஒற்றை அறை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கல்யாணப் பத்திரிகை டைப் அடிக்க ஜெயக்கொடி. இந்த அறையில்தான் தசரதன் நாலு வருஷம் உட்கார்ந்து, தமிழில் டைப் அடிக்க ஒரு மென்பொருள் செய்தார். அதில் மூன்று வருஷம் பக்கத்து நாற்காலியில் சாலமோன் இருந்தான். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள்.

பிரித்தது சொத்துமல்ல, பெண்ணுமல்ல. எந்த எழுத்து எந்த விசையில் உட்கார வேண்டும் என்கிற சண்டை.

டைப்ரைட்டரில் இருப்பதுபோலவே இருக்கட்டும் என்றார் தசரதன். ஊருக்கு ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லட்சம் பேர் பழகிய விரலை மாற்றச் சொல்வது பாவம் என்றார். இனிமேல் பழகப்போவது கோடிப் பேர், அவர்கள் விரலுக்காக யார் பேசுவது என்று கேட்டான் சாலமோன். கேட்டுவிட்டுப் போய் குரோம்பேட்டையில் தனியாகக் கடை போட்டான்.

இப்போது அரசாங்கமே குழு போட்டுவிட்டது. இனி எல்லா ஆபீசுக்கும் ஒரே கீபோர்டு. சாலமோன் கூட்டிவந்த பெண் குழுவின் முன்னால் ஒரு முழுப் பக்கத்தை ஏழே நிமிடத்தில் அடித்தாள். பெரிய மனிதர்கள் எழுந்து கைதட்டினார்கள். அவனுடையது வந்துவிட்டால் தசரதனுடையதை நாய்கூடச் சீந்தாது.

ஆட்சேபம் இருந்தால் இன்று ஐந்து மணிக்குள் கோட்டைப் பக்கத்து ஆபீசில் கொடுக்க வேண்டும். மூன்றே கால் ரயிலைப் பிடித்தால் போதும். மணி இரண்டு பத்து.

தசரதனுக்கு வயிறு எரிந்தது. லட்சம் பேரின் விரல் என்பதெல்லாம் நிஜம்தான். ஆனால் அந்தக் கைதட்டலைக் கேட்காமல் இருந்திருந்தால் தனக்கு இத்தனை கொள்கை பொங்கியிருக்குமா என்று அவருக்கே சந்தேகம் உண்டு.

ஒரு மாதமாக அவர் சாலமோனின் கீபோர்டைத் தன் மென்பொருளில் இரண்டாவதாகச் சேர்த்து, ராப்பகலாக அதில் அடித்துப் பார்த்தார். மருமகள் வைத்த குழம்பில் மாமியார் குறை தேடுகிற மாதிரி தேடினார். பதினோரு குறை அகப்பட்டது.

பதினொன்றையும் எழுத உட்கார்ந்தார்.

அவர் கீபோர்டில் தமிழ் ஸ்டிக்கர் கிடையாது. ஸ்டிக்கர் எல்லாம் வாங்குகிறவர்களுக்கு. பெற்றவனுக்கே பிள்ளையை அடையாளம் காட்ட வேண்டுமா என்பார்.

ஆத்திரம் விரலில் இறங்கியது. யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நினைக்கும் முன்பே எழுத்து திரையில் வந்து நின்றது. ஜெயக்கொடி தன் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தாள். அவள் பார்ப்பது தெரிந்து அவர் இன்னும் வேகமாக அடித்தார்.

மூன்று பக்கம். நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். பதினெட்டு நிமிடம்.

பக்கத்துக்கு ஆறு. அந்தப் பெண்ணைவிட ஒரு நிமிடம் குறைவு.

தசரதனுக்கு மனசு குளிர்ந்தது. கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: "இந்த மனு முழுவதும் எனது விசைப்பலகையில் பதினெட்டே நிமிடத்தில் அடிக்கப்பட்டது. இதைவிட வேறு சான்று தேவையில்லை."

பிரிண்ட் கொடுக்கப் போனவர் திரையின் கீழ் மூலையைப் பார்த்தார்.

அங்கே எப்போதும் ஓர் எண் இருக்கும். ஒன்று என்றால் தசரதனின் கீபோர்டு. இரண்டு என்றால் சாலமோனுடையது.

இரண்டு என்று இருந்தது.

காலையில் பதினோராவது குறையைச் சரிபார்த்துவிட்டு மாற்ற மறந்திருக்கிறார்.

யாருக்குத் தெரியப்போகிறது? காகிதத்தில் இருக்கும் எழுத்து எந்த விசை வழியாக வந்தது என்று எந்தக் குழுவாலும் சொல்ல முடியாது. ஆனால் தசரதன் வாயால்தான் பொய் சொல்வார். எழுத்தில் சொல்லிப் பழக்கமில்லை.

அந்தக் கடைசி வரியை எடுத்துவிட்டால் தீர்ந்தது. எடுக்க மனம் வரவில்லை. மூன்று பக்கத்தில் அவருக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

மணி இரண்டு முப்பத்தைந்து. திரும்ப அடித்தாலும் ரயிலைப் பிடித்துவிடலாம். எண்ணை ஒன்றுக்கு மாற்றிவிட்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்.

"பெருமதிப்பிற்குரிய" என்று அடித்தார். திரையில் வந்தது எந்த மொழியிலும் இல்லாத ஒரு வார்த்தை.

அழித்தார். மறுபடி அடித்தார். மறுபடி அழித்தார். அவர் எங்கே வைத்தாரோ அங்கே விரல் போகவில்லை. சாலமோன் வைத்த இடத்துக்கே போனது.

மணி இரண்டு நாற்பத்தெட்டு. இன்னும் குழுத் தலைவரின் பேரைத் தாண்டவில்லை.

குனிந்து கீபோர்டைப் பார்த்தார். அதில் ஆங்கில எழுத்து மட்டும்தான் இருந்தது.

"ஜெயக்கொடி, கஸ்டமருக்குக் குடுப்போமே நம்ம ஸ்டிக்கர், அதுல ஒரு தாள் எடும்மா."

"யாருக்கு சார்?" என்று கேட்டபடியே அவள் டிராயரைத் திறந்தாள்.