வெந்த குழாய்

க்ளூஜ் நகர ஆய்வகத்தில் பதினோரு வருடமாகத் தைராய்டுத் துண்டுகளை அரைத்துச் சோதிப்பவள் ருக்ஸாந்திரா. பாதியைப் பச்சையாக ஒரு குழாயிலும், மீதியை வேகவைத்து இன்னொன்றிலும் போட்டு மருந்து ஊற்றுவாள். நொதிக்கு உயிர் இருந்தால் வேகாத குழாய் பழுப்பாகும். வெந்தது தண்ணீராகவே நிற்கும். செத்த சரக்கு பேரம் பேசாது.

அன்று காலை வந்தது, அவள் தங்கை ஸ்மராந்தாவின் கழுத்திலிருந்து முந்தின நாள் அறுத்தெடுத்த துண்டு. அதில் நொதி வேலை செய்யாவிட்டால் அது பரம்பரைக் கோளாறு. ருக்ஸாந்திராவின் வயிற்றிலிருக்கும் ஏழு மாதப் பிள்ளைக்கும் அது இருக்கலாம்.

வேகாத குழாய் தெளிவாக நின்றது. வெந்தது பழுப்பானது.

"ட்ரையான் அண்ணே, குழாய மாத்தி வச்சீங்களா?"

"சூப்புல வெந்த சேவல் கூவுனா அதுக்கும் நான்தானாம்மா?" என்றார் மூத்த சக ஊழியர்.

அவள் நம்பவில்லை. அவரைத் தள்ளி நிற்கச் சொல்லி, இன்னொரு துண்டைத் தானே அரைத்து, கண்ணெடுக்காமல் இருபது நிமிடம் வேகவைத்தாள். இந்த முறை இன்னும் சீக்கிரம் பழுப்பானது.

தங்கை ஏதாவது மருந்தை மறைத்துச் சாப்பிட்டாளோ என்று வார்டுக்குப் போன் போட்டாள்.

"மருந்தெல்லாம் இல்லக்கா. கழுத்துதான், யாரோ கொதிக்கிற தண்ணில முக்குன மாதிரி. காலையில ஒரு தடவ. இப்ப ஒரு இருபது நிமிஷம். நல்லவேளை, நின்னுடுச்சு. அக்கா, உங்கிட்ட ஒண்ணு..."

பேச்சு நின்றது.

ருக்ஸாந்திரா திரும்பினாள். ட்ரையான் மூன்றாவது குழாயைக் கொதிநீரில் இறக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் தடவ ஒரு மணி நேரம் வேகட்டும்மா. உன் சந்தேகமும் தீரும்."