பெயருக்கு முன்னால்

கணினித் திரையில் கோடு மறுபடியும் முந்திக்கொண்டு துள்ளியது.

ஒலிபெருக்கியில் பெயர் விழுந்த பிறகுதான் அது துள்ள வேண்டும். இங்கே பெயர் வருவதற்குள் எழுந்து, பெயர் வரும்போது அடங்கிவிட்டிருந்தது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், பட்டப்பகலில் திரை போட்டு இருட்டாக்கிய அறையில், ஒருவன் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். துறைமுகத்தில் இரவெல்லாம் கிரேன் ஓட்டுபவன். நெற்றிப்பொட்டில் கருவி ஒட்டியிருந்தது.

ஆள் தூங்கினாலும் நரம்பு தூங்குவதில்லை. மூளையின் ரத்தக்குழாய்களை மெல்ல இறுக்கும், மெல்லத் தளர்த்தும். அந்த ஏற்ற இறக்கம்தான் திரையில் அலையலையாக ஓடியது. பழகிய ஒலி ஏதாவது காதில் விழுந்தால் குழாய் சட்டென்று இறுகும்; கோடு துள்ளும். எந்தப் பெயருக்கு எவ்வளவு துள்ளுகிறது என்று பார்ப்பதுதான் அங்கே ஆராய்ச்சி.

பெயர்களை வாசித்துப் பதிவு செய்வது அவள் வேலை. போன வாரம் இவனுடைய பெயரை வாசித்தபோது, இதே பெயரில் ஊரில் எத்தனையோ பேர் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

இன்று ஆளைப் பார்த்துவிட்டாள். அண்ணனேதான்.

அவள் தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்ட நாளில், "எனக்குத் தங்கச்சியே இல்ல" என்று வாசலில் நின்று சொன்னவன். அதற்குப் பிறகு அவளிடம் ஒரு வார்த்தை கிடையாது. எதிரிலேயே அவள் நின்றாலும், "அவகிட்டச் சொல்லும்மா" என்று அம்மா பக்கம் திரும்பிக்கொள்வான்.

அம்மா போன பிறகு அந்த வழியும் அடைபட்டுப்போனது.

தன்னைக் கண்டால் ஒயர்களைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் போய்விடுவான் என்றுதான், காலையிலிருந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கமே பதுங்கியிருந்தாள். போனால் போகட்டும், ஒரு தடவை "அண்ணா" என்று கூப்பிட்டுவிடலாமா என்றும் இருந்தது.

"கருவியோட கடிகாரம் ஓடுற லட்சணத்தப் பாரும்மா, அதுதான் முந்துது போல" என்றார் பக்கத்தில் இருந்த டாக்டர்.

பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. தன் கண்மேல் நம்பிக்கை இல்லாமல் இன்னொரு முறை பார்த்தாள். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவைக் கேட்டாள்.

ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு சின்ன மூச்சு. பேச வாயெடுக்கும்போதெல்லாம் அவள் உள்ளே இழுக்கும் மூச்சு.

கோடு துள்ளியது அங்கேதான். முன்பின் தெரியாதவர்களின் பெயர்களுக்கு முன்னாலும் கூட.

அந்த அறையில் தூங்கிய வேறு யாருக்கும் இப்படித் துள்ளியதில்லை.

சின்ன வயதில் ஒளிந்து விளையாடும்போது இந்த மூச்சுதான் அவளைக் காட்டிக்கொடுக்கும். பீரோவுக்குப் பின்னால் நின்றாலும் கேட்கும். ஆனாலும் அண்ணன் மற்ற எல்லாரையும் பிடித்த பிறகுதான் அவளைப் பிடிப்பான். ஒளிவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தாள்.

மூச்சு விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் சிரித்தார். மூச்சையெல்லாம் வெட்டிவிட்டுத் திரும்பப் போடச் சொன்னார்.

வெட்டினாள். போட்டாள்.

அவனுடைய சொந்தப் பெயருக்கு மட்டும் கோடு லேசாகப் புரண்டு படுத்தது. மற்ற பெயர்களுக்குத் தன்பாட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வெட்டிய துண்டுகளை அழிக்க அவளுக்குக் கை வரவில்லை.

டாக்டர் அவனை எழுப்பப் போனார். போனவர் கதவைச் சாத்தவில்லை.

அவள் எழுந்து கதவுவரை போனாள். ஒரே ஒரு வார்த்தைதான். அதைச் சொல்ல வாயெடுத்ததும் மூச்சு தானாக உள்ளே போனது. அப்படியே அடக்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டாள்.

உள்ளே அவன் கட்டிலில் உட்கார்ந்து, முடியில் ஒட்டியிருந்த பசையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

"கதவுக்குப் பின்னாடி நிக்கிறா பாருங்க டாக்டர், அவகிட்டச் சொல்லுங்க, மூச்ச விடச் சொல்லி."