பெரிய ஜன்னல்

“பெரிய ஜன்னலை அந்தப் பக்கம் வைங்க சார், தையல்காரி வீட்டைப் பார்த்த மாதிரி. அதை மட்டும் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.”

ஓவியரின் மனைவி சொல்லச் சொல்ல இன்ஜினியர் குறித்துக்கொண்டார். தோட்டத்தில் இருந்த ஓவிய அறையை, பொதுமக்கள் பார்ப்பதற்காகப் பழையபடியே கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“பழசு மழையில விழுந்துடுச்சாம்மா?”

“நான்தான் இடிச்சேன். அவர் கண்ணை மூடின மறுமாசமே, ஆள் விட்டு.”

இன்ஜினியரின் பேனா நின்றது.

“அந்த முதுகுப் படங்களைப் பார்த்திருப்பீங்களே?”

பார்க்காதவர் யார்? கொடியில் துணி காயப்போடும் ஒரு பெண். முப்பது படங்களிலும் முதுகு மட்டும்தான். சுற்றிலும் வெள்ளைத் துணிகள்.

“அந்தக் கொண்டையும் முதுகும் அந்தத் தையல்காரியேதான். ஒருநாள் வேலி ஓரமா நின்னு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டேன். ‘அக்கா, சத்தியமா எனக்கு எதுவும் தெரியாது’ன்னு அழுதா. அந்த வாரமே வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டா. இவரைக் கேட்டா, ‘உள்ள வந்துதான் பாரேன்’னு சிரிச்சார். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அதுக்கப்புறம் இருபது வருஷம், அந்த ரூம் வாசப்படியை நான் மிதிக்கல. சாப்பாட்டைக்கூட வெளியிலயே வச்சுட்டு வந்துடுவேன்.”

பத்து நாள் கழித்துத் தச்சர் கூப்பிட்டார். பழைய சாமான் கடையில் கிடைத்த இடித்த அறையின் தரைப் பலகைகளை, ஆணித் துளைகளைப் பார்த்து, இருந்தது இருந்தபடி அடுக்கியிருந்தார்.

“கொஞ்சம் உள்ள வாங்கம்மா. முக்காலி தேய்ச்ச தடம் இங்க இருக்கு, பெயிண்ட் சிந்தினது எல்லாம் அதுக்கு முன்னால, இந்தச் சுவர் பக்கம். ஐயா பெரிய ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருக்கார். அது வெறும் வெளிச்சத்துக்குத்தான்.”

“அப்ப எதைப் பார்த்து வரைஞ்சார்?”

“எதிர்ல இருக்கே, இந்தச் சின்ன ஜன்னல். இது வழியாத்தான்.”

அவள் தயங்கித் தயங்கிப் படியேறினாள். தடத்தின் மேல் தச்சர் போட்ட முக்காலியில் உட்கார்ந்தாள். சாண் அகல ஜன்னல். குனிந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.

நேர் எதிரே அவள் வீட்டுப் பின்வாசல். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் துணி காயப்போடும் கொடி.